கல்லூரியில் யாரிடம், எதை, எந்தத் தேதிக்குள் கேட்பது: ஓராண்டை இழந்த பிறகு எழுதுகிறேன்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கான விதிமுறையில் ஃபேகல்டி அட்வைசர் என்றொரு பிரிவு இருக்கிறது. துறைத் தலைவர் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். படிப்பு முடியும் வரை அவர்தான் அந்த மாணவர்களுக்கு ஆலோசகர். பாடங்களுக்குப் பதிவு செய்ய வழிகாட்டுவது, அரியருக்குப் பதியச் சொல்வது, வருகைப் பதிவைக் கவனிப்பது, அவ்வப்போது உட்கார வைத்துப் பேசுவது, தேவைப்பட்டால் வீட்டுக்குத் தகவல் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. டிகிரி ஓராண்டு தள்ளிப்போய், கையிலிருந்த வேலையும் போன பிறகுதான் இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. படித்து முடித்தபோது கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. எனக்குத் தேவைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வழி எழுதியிருந்தது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கடைசித் தேதியும் இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அண்ணனோ அக்காவோ இல்லாத பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்லும் கணக்குகள் 2021 விதிமுறையின்படி இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்கானவை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண்ணின் பங்கும் தேதிகளும் வேறாக இருக்கும். கலை அறிவியல் கல்லூரி என்றால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. எதுவானாலும் சேர்ந்த முதல் மாதமே உங்கள் விதிமுறையின் பி.டி.எஃப்.பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். வருகை, தேர்ச்சி மதிப்பெண், மறுமதிப்பீடு, தேர்விலிருந்து வித்ட்ராயல், தற்காலிகப் படிப்பு இடைவெளி, வகுப்பு நிர்ணயம் ஆகிய ஆறு பிரிவுகள் போதும். ஒரு மாலையில் படித்துவிடலாம்.

கல்லூரியில் உங்களுக்காக இருப்பவர்கள் யார் யார் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். கிளாஸ் அட்வைசர் முழு வகுப்புக்கும் பொது. அட்டெண்டன்ஸ் தொகுப்பது, சுற்றறிக்கை சொல்வது, லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடுவது போன்றவை அவர் வேலை. ஃபேகல்டி அட்வைசரைப் பெரும்பாலான கல்லூரிகளில் மென்டர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் இருப்பது உங்களைப் போல ஒரு சிறு குழு மட்டும். மூன்றாவதாக கிளாஸ் கமிட்டி. பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர் தலைவராக என்று அது அமையும். ஒரு பாடம் புரியவில்லை, சிலபஸ் ஓடவில்லை என்ற குறையைத் தனி ஆளாக அந்த ஆசிரியரிடம் சொல்லப் பயமாக இருந்தால், பிரதிநிதி மூலம் கமிட்டியில் வையுங்கள். கூட்டக் குறிப்பு முதல்வருக்குப் போயாக வேண்டும் என்பதால் யார் பெயரும் அடிபடாமல் விஷயம் மேலே போகும். எங்கள் வகுப்பில் பிரதிநிதிகள் யார் என்பதே இரண்டாம் ஆண்டு வரை பாதிப் பேருக்குத் தெரியாது.

மென்டர் புத்தகம் என்று ஒன்று உண்டு. நீல அட்டை, உள்ளே ஃபோட்டோ, அப்பா அம்மாவின் ஃபோன் நம்பர், ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் கீழே சந்தித்த தேதி, பேசிய விஷயம், மாணவர் கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்துக்குத் தனியாக ஓர் அளவுகோல் இருந்தது. அதனால் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் புத்தகம் இருக்கும். நான் படித்த இடத்தில் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம் எங்களை வரிசையில் நிற்க வைத்து எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். 'பேசிய விஷயம்' கட்டத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்தில் 'நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தது. அந்த செமஸ்டரில் எனக்கு அரியர் மூன்று. அந்தக் கட்டத்தை நான் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. அது வெற்றாக இருந்தால் நஷ்டம் நமக்கு. அதனால் அதை நாமே நிரப்பக் கேட்க வேண்டும்: "சார், இன்னிக்கு அட்டெண்டன்ஸ் பத்திப் பேசினோம், அதைப் புக்கில் எழுதிடலாமா?" யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் காண்டொனேஷனுக்கோ (வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விடுவது) வேறு எதற்கோ போய் நிற்கும்போது அந்த ஒரு வரி சாட்சியாக நிற்கும்.

மென்டரைப் பார்க்கப் போகும்போது "சார், படிப்பு கஷ்டமா இருக்கு" என்று ஆரம்பித்தால் "நல்லாப் படிப்பா" என்பதுதான் பதிலாக வரும். அவருக்கும் பதினாறு பீரியட், லேப், அட்மிஷன் வேலை, நாக் ஃபைல் என்று தலைக்கு மேல் வேலை. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள்: இன்று வரை அட்டெண்டன்ஸ் எவ்வளவு, ஒவ்வொரு பாடத்திலும் இன்டர்னல் எவ்வளவு, நிலுவையில் எத்தனை அரியர், அவற்றின் கோர்ஸ் கோடு என்ன. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "இந்த செமஸ்டர் இந்த மூணில் எந்த ரெண்டைப் பிடிக்கட்டும்?", "இந்த இன்டர்னலை வச்சு எக்ஸாமில் எவ்வளவு எடுக்கணும்?", "இந்த எலெக்டிவ் எடுத்தா ஃபைனல் இயரில் எந்தப் பாடத்துக்கு உதவும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் எவ்வளவு வேலையாக இருக்கும் ஆசிரியரும் பேனாவை எடுப்பார். பொதுவாகப் புலம்பியபோது கிடைக்காத பதில், எண்ணோடு கேட்டபோது அதே ஆளிடமிருந்து எனக்குக் கிடைத்திருக்கிறது. நேரம் முக்கியம்: முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த வாரம் ஒரு தடவை, தேர்வு விண்ணப்பம் போடும் வாரம் ஒரு தடவை, ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு தடவை. இந்த மூன்றைத் தவறவிட்டால் மற்ற நேரங்களில் எத்தனை முறை பார்த்தும் பெரிய பலன் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் செமஸ்டரில் டைஃபாய்டு. ஊருக்குப் போய்ப் படுத்தேன். திரும்பி வந்தபோது வருகை 70-க்குக் கீழே. விதி இதுதான்: மொத்த வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். 65-க்கு மேல் 75-க்குக் கீழ் என்றால் மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டுக்கோ சான்றிதழ் கொடுத்து, முதல்வர் சான்றொப்பத்தோடு தேர்வு எழுதலாம். இதைத்தான் காண்டொனேஷன் என்கிறோம். 65-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்தால், 18 நாள் வரை லீவ் தாங்கும், 26 நாள் வரை சான்றிதழோடு தாங்கும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் ஓராண்டு போனது. படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மெடிக்கல் சர்டிஃபிகேட் விஷயத்தில் ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. உடம்பு தேறி வந்த பிறகு தெருமுனை கிளினிக்கில் வாங்கும் ஒற்றைச் சீட்டுக்கு மதிப்பில்லை. அட்மிட் ஆன ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மருந்துக்கடை பில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு என்று டாக்டர் எழுதிய சான்றிதழ், கல்லூரிக்குத் திரும்பத் தகுதி என்ற ஃபிட்னஸ் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். படுத்த முதல் வாரமே வீட்டிலிருந்து யாராவது மென்டருக்கு ஃபோன் செய்யட்டும். ஃபோனோடு விடாமல், சின்னதாய் ஒரு மெயிலும் அனுப்பச் சொல்லுங்கள். பேசியது மறந்துபோகும், மெயில் தேதியோடு இருக்கும். ஓ.டி. (கல்லூரி சார்பாக வெளியே போனதற்கான அனுமதி) வாங்கிய நாட்கள் வருகையில் ஏறியிருக்கிறதா என்பதையும் அந்தந்த வாரமே பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வுத் துறையின் இணையப் பக்கத்தில் பதிவெண், பிறந்த தேதி போட்டால் கல்லூரி ஏற்றிய வருகையும் இன்டர்னலும் தெரியும். அந்தப் பக்கம் பூட்டப்பட்ட பிறகு திருத்துவது பெரிய பாடு.

காண்டொனேஷனில் தேர்வுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் உடம்பு தேறவில்லை. காய்ச்சல் மறுபடி திரும்பி, மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று தேர்வுகள் எழுதினேன். மூன்றும் போயின. ரிசல்ட் வந்த பின் எக்ஸாம் செல்லில் ஒரு கிளார்க் அக்கா, ஃபைலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு ரிப்போர்ட் வச்சிருக்கியே, வித்ட்ராயல் போட்டிருக்கலாமே?" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். உடல்நிலை, எதிர்பாராத குடும்பச் சூழல் போன்ற தகுந்த காரணம் இருந்தால், படிப்புக் காலம் முழுவதிலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் மட்டும், ஒரு பாடத்துக்கோ பல பாடங்களுக்கோ தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். தேர்வு எழுதத் தகுதி, அதாவது வருகை, இருக்க வேண்டும். விண்ணப்பம் முதல்வர் பரிந்துரையோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தத் தேர்வு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னதாக என்றொரு கெடு உண்டு. அசாதாரணச் சூழலில் அந்தக் கெடுவைத் தாண்டியும் தகுதி பார்த்துப் பரிசீலிப்பார்கள். இதில் பெரிய விஷயம் என்னவென்றால், அப்படி விலகியது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது. அடுத்த முறை எழுதுவதுதான் உங்கள் முதல் முயற்சி. டிஸ்டிங்ஷனுக்கு 8.50 சி.ஜி.பி.ஏ.வோடு (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த கிரேடு சராசரி) எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியில் முடித்திருக்க வேண்டும். வித்ட்ராயல் அந்த வாய்ப்பைக் கெடுக்காது. விண்ணப்பம் போடாமல் சும்மா வராமல் இருந்தால், எழுதித் தோற்றதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கடிதம்தான் வித்தியாசம். எனக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் மென்டர். மூன்று தாளும் போனதைவிட, அப்படி ஒரு கடிதம் இருந்ததே தெரியாமல் போனதுதான் இன்றும் வலிக்கிறது.

இனி மதிப்பெண் கணக்கு. இதைத் தெரியாமல்தான் பாதிப் பேர் கண்மூடிப் படிக்கிறார்கள். தியரி பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வு 100-க்கு நடக்கும், பிறகு 60-க்குச் சுருக்குவார்கள். தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள்: இரண்டும் சேர்ந்து 50, அதோடு தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம். ஆக, இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவருக்குத் தேர்வில் 45 எடுத்தால் போதும். இன்டர்னல் 18 என்றால் 54 வேண்டும். 12 என்றால் 64 வேண்டும். முதல் தடவை வாங்கிய இன்டர்னல்தான் அரியர் எழுதும்போதும் கூட வரும் என்பதால், அந்த ஒரு செமஸ்டரில் அசைன்மென்டை விட்டவர் அடுத்தடுத்த தேர்வுகளிலும் அதற்கு விலை கொடுக்கிறார். ஒவ்வொரு பாடத்துக்கும் உங்கள் இன்டர்னலை எழுதி, பக்கத்தில் தேர்வில் வேண்டிய மதிப்பெண்ணை எழுதிப் படிக்கும் மேசை மேல் ஒட்டுங்கள். எதற்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ரிசல்ட் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. அது இல்லாமல் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது, அதற்கான தேதி ரிசல்ட் வந்த சில நாட்களில் முடிந்துவிடும். நான் கட்டியபோது தாளுக்கு நகலுக்கு 300 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 400. ரிசல்ட் பார்த்து இரண்டு நாள் அழுதுகொண்டிருந்தால் பாதிக் கெடு போய்விடும். நகல் வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடையாமல் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் மதிப்பெண் விழுந்திருக்கிறதா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா, உள்ளே போட்ட எண்கள் முகப்பில் சரியாக ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா, கேள்வி எண் தப்பாகப் போட்டு விடை விடுபட்டதா. பிறகு பாடம் எடுத்த ஆசிரியரிடம் கொடுத்து அவர் திருத்தினால் எவ்வளவு வரும் என்று எழுதி வாங்குங்கள். அவர் மதிப்பீடு தேர்ச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். 20, 25 மதிப்பெண்ணில் இருக்கும் தாளுக்கு ஆசைக்காகக் கட்டுவது வீண். நகல் வாங்கிய 300 வீணில்லை, ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

எனக்கு உண்மையான வழிகாட்டுதல் கிடைத்தது கடைசியில், வேறு துறையைச் சேர்ந்த ஒரு மேடத்திடமிருந்து. ஹாஸ்டல் வார்டன் அவர். என் சிக்னல் பாடத்தின் நகலை மேசையில் விரித்து, பென்சிலால் யூனிட் வாரியாக எண் போட்டார். கேள்வித்தாள் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பார்ட் ஏ பத்துக் கேள்வி, தலா 2, பார்ட் பி ஐந்து, தலா 13, யூனிட்டுக்கு ஒன்று, இதுவா அதுவா என்று, பார்ட் சி ஒரு 15. "பாரு, ரெண்டாவது யூனிட்டிலயும் நாலாவதிலயும் உனக்கு எட்டு, ஒன்பது வருது. அஞ்சாவதுல ஒண்ணுமே எழுதல. பார்ட் ஏ-ல பத்துல ஆறுதான் தொட்டிருக்க. பார்ட் சி-க்கு நாலு பக்கம் எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருக்க, அதுக்கு நாற்பது நிமிஷம் போயிருக்கும்" என்றார். பிறகு ஓரத்தில் எழுதினார்: பார்ட் ஏ-வில் 14, பார்ட் பி-யில் நான்கு கேள்விக்கு எட்டெட்டாக 32, மொத்தம் 46. "இதுதான் உன் திட்டம். அஞ்சாவது யூனிட்டில் ரெண்டு மார்க் மட்டும் படி. பார்ட் சி-யைக் கடைசிக்கு வை." அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் இரண்டு செமஸ்டராக அந்தப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் படித்து மூன்றாவது யூனிட்டிலேயே சோர்ந்து நின்றுகொண்டிருந்தேன். ஒருவருடைய விடைத்தாளை முன்னால் வைத்து அவருக்கென்று சொல்வதற்கும், மேடையில் நின்று எல்லோருக்கும் சொல்வதற்கும் உள்ள தூரத்தை அன்று பார்த்தேன். உங்கள் மென்டர் இதைச் செய்யவில்லை என்றால், செய்யக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். துறை வேறாக இருந்தாலும் பரவாயில்லை, லேப் அசிஸ்டென்டாக இருந்தாலும் பரவாயில்லை. நகல் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அரியர் நிறைய இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தேர்வில் முடிக்கப் பார்க்காதீர்கள். தேர்வில் 35-லிருந்து 44-க்குள் வாங்கிய தாள்கள் முதலில். அவற்றில் பத்து மதிப்பெண் ஏற்றுவது நடக்கிற காரியம். அடுத்து, நடப்பு செமஸ்டர் பாடத்துக்கு அடிப்படையாக இருக்கும் தாள், ஏனென்றால் ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். கணக்குத் தாள் இருந்தால் அதற்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் தனியாக வேண்டும், கடைசி வாரத்தில் அது நடக்காது. தேர்வு அட்டவணை வந்ததும் அரியர் தேதியும் நடப்புப் பாடத் தேதியும் அடுத்தடுத்த நாளில் விழுகிறதா என்று பார்த்து, எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எதை விட்டாலும் நடப்புப் பாடத்தை விடாதீர்கள். தேர்வு விண்ணப்பத்தில் உங்கள் அரியர் பாடங்களின் கோடு எல்லாம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விடுபட்டால் ஹால் டிக்கெட்டில் வராது.

பணம் எங்கே போனது என்பதையும் சொல்கிறேன். கல்லூரிக்கு வெளியே அரியர் கோச்சிங் என்று ஓர் இடம். தாளுக்கு 5,000 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்தது பழைய கேள்வித்தாளின் ஜெராக்ஸும், முக்கியக் கேள்விகள் என்று ஒரு பட்டியலும். அவை சீனியர்களிடம் இலவசமாகக் கிடைப்பவை. அங்கே போய்வரத் தங்கிய அறை வாடகை, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 40,000-ஐத் தொட்டது. அப்பா அதற்காகக் கூட்டுறவு வங்கியில் நகை வைத்தார். கோச்சிங் சேர்வதே தவறு என்று சொல்ல மாட்டேன், கணக்குப் பாடத்துக்கு நல்ல ஆள் கிடைத்தால் பலன் உண்டு. ஆனால் உங்கள் விடைத்தாள் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்காத இடத்தில் சேர வேண்டாம். ரிசல்ட் வந்த வாரத்தில் "பாஸ் போட்டுத் தருகிறோம், முன்பணம் இவ்வளவு" என்று ஃபோன் வரும். என் தோழி ஒருத்திக்கும் வந்தது. பதிவெண், பிறந்த தேதியைக்கூட அவர்களிடம் சொல்லாதீர்கள்.

வேலை விஷயம். பெரும்பாலான நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை என்று கேட்கும். சில நிறுவனங்கள் 'இதுவரை அரியரே இருந்ததில்லை' என்று கேட்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் ப்ளேஸ்மென்ட் செல்லில் ஆறாம் செமஸ்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த ஆஃபர், சேரும் தேதிக்குள் எல்லாம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. ஒரு தாள் மீதியிருந்ததால் போயிற்று. சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டு ஹெச்.ஆர்.-க்கு மெயில் போடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டாவது பார்த்திருக்கலாம். என் கூடப் படித்த ஒருவனுக்கு அப்படிக் கேட்டதில் மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தார்கள்.

வீட்டில் சொல்லாமல் மறைத்த மாதங்கள்தான் மிகக் கொடுமையானவை. பக்கத்து வீட்டில் "பிள்ளை எங்கே வேலை பார்க்குது?" என்று கேட்டால் அம்மா என் முகத்தைப் பார்ப்பார். தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு: 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டின் 104-லும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மதிப்பெண் பற்றிப் பேச வெட்கமாக இருந்தால் தூக்கம் வரவில்லை என்று ஆரம்பியுங்கள், போதும். வீட்டில் சொல்லும்போது "மூணு அரியர்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் பயம்தான் வரும். எந்தத் தாள், எந்த மாதம் தேர்வு, எவ்வளவு பணம், எப்போது முடியும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திட்டவில்லை.

உடம்போ குடும்பமோ ஒரு செமஸ்டரைத் தாங்காது என்று முன்பே தெரிந்தால் தற்காலிகப் படிப்பு இடைவெளி கேட்கலாம். ஒரு முறைதான் தருவார்கள், அதிகபட்சம் ஓராண்டு. அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். திரும்பி வரும்போது விதிமுறை மாறியிருந்தால் கூடுதல் பாடங்கள் எழுத வேண்டி வரலாம். உதவித்தொகை வாங்குபவர்கள் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பிரிவு கிளார்க்கிடம் அது என்னவாகும் என்று கேட்டே ஆக வேண்டும். சொல்லாமல் கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். டிகிரியை முடிக்க நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு 7 ஆண்டு, டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு 6 ஆண்டு. இடைவெளியும் அதற்குள்தான் அடக்கம். 2021-இல் அண்ணா பல்கலைக்கழகம் 2001-02 முதல் சேர்ந்த பழைய அரியர் மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு கொடுத்தது உண்மை. அதற்குக் கூடுதல் கட்டணமாக 5,000 ரூபாய் கேட்டார்கள். அப்படி ஒன்று மறுபடி வரும் என்று நம்பி ஏழாம் ஆண்டைத் தள்ளவிடக் கூடாது.

கடைசியாகக் கடிதம் கொடுக்கும் முறை. அனுப்புநர் இடத்தில் பெயர், பதிவெண், செமஸ்டர், துறை. பெறுநர் முதல்வர், வழி துறைத் தலைவர். பொருளில் எதைக் கேட்கிறீர்கள் என்பது ஒரே வரியில், எந்த விதிப் பிரிவின் கீழ் என்பதோடு. உள்ளே கோர்ஸ் கோடு, தேர்வுத் தேதி, காரணம். கீழே இணைப்புகளின் பட்டியல். இரண்டு நகல் எடுத்துப்போய், ஆபீஸில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் இன்வர்டு சீலும் (கடிதம் வந்து சேர்ந்ததற்கான முத்திரை) தேதியும் வாங்குங்கள். "வச்சிட்டுப் போம்மா" என்பார்கள், சீல் வாங்காமல் நகராதீர்கள். பதில் வராமல் கெடு நெருங்கினால் மாணவர் குறைதீர் குழுவிடம் புகார் கொடுங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பெர்சன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்தச் சீல் போட்ட நகலைத்தான்.